கப், துணி பேட், பீரியட் பேன்டி: தண்ணீர் குறைந்த ஊரில் எதை வாங்குவது, எப்படிப் பழகுவது

மாதவிடாய்க்கு நாப்கினை விட்டு மாறலாம் என்று ஆசையாக வாங்கிய கப்பும் (உள்ளே பொருத்தி ரத்தத்தைப் பிடிக்கும் சிறு சிலிக்கான் கிண்ணம்) துவைத்துப் பயன்படுத்தும் துணி பேடும் பீரோவின் அடித்தட்டில் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பொருளில் குறை இருந்திருக்காது. வீட்டுத் தண்ணீர், துணி காயவைக்கும் இடம், வேலை நேரம் மூன்றையும் பார்க்காமல் வாங்கியிருப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த மூன்றும் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் அக்கம்பக்கத்தில் ஒருவருக்குச் சரிப்பட்டது உங்களுக்கும் சரிப்படும் என்று நம்பி வாங்காதீர்கள்.

1. கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகள்

ஒன்று, தண்ணீர். தினமும் குழாயில் வருகிறதா, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையா? வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, போர் தண்ணீரா? துணி பேட் மூன்றை ஊறவைத்து, துவைத்து, அலசி முடிக்க அரை பக்கெட்டுக்கு மேல் ஆகும். கப்பைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் போதும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊர் என்றால், இந்தக் கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டு, வெயில். பேடை நேர் வெயிலில் விரித்துப் போட உங்களுக்கென்று ஒரு கொடி இருக்கிறதா? மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ இருந்தால் நல்லது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் நிலைமை என்றால் துணி பேட் இப்போதைக்கு வேண்டாம். ஈரம் முழுதாகப் போகாத துணியால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம்.

மூன்று, மாற்ற இடம். ஓசூர் சிப்காட் ஷிப்டில் இருப்பவருக்குக் கழிவறைக்குப் போகவே நேரம் எண்ணித்தான் கிடைக்கும். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் கழிவறையே இருக்காது. இருவருக்குமே எட்டு மணி நேரம் தாங்கும் பொருள் வேண்டும்.

நான்கு, உள்ளே விரல் விட்டுப் பொருத்த உங்களுக்கு மனம் ஒப்புகிறதா? ஒப்பவில்லை என்றால் அதில் எந்தத் தவறும் இல்லை. யார் சொன்னாலும் கப்பைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் குறைவு, வேலை நேரம் நீளம் என்றால் கப். தண்ணீரும் வெயிலும் தாராளம், வீட்டிலோ வீட்டருகிலோ வேலை என்றால் துணி பேட். இரவுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் மட்டும் பீரியட் பேன்டி, அதாவது உறிஞ்சும் அடுக்கு சேர்த்துத் தைத்த உள்ளாடை. வயதுக்கு வந்து ஓராண்டு இரண்டாண்டு ஆன பெண் பிள்ளைகளுக்குத் துணி பேடில் தொடங்குவதே எளிது. சில மலை ஊர்களில் மூன்று நாளும் வீட்டுக்கு வெளியே தங்கவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படித் தங்குகிறவர்களுக்குக் கப் பெரிய உதவி: வெளியே துவைக்கவோ காயப்போடவோ எதுவும் இருக்காது. குடிக்கத் தகுந்த தண்ணீர் ஒரு பாட்டிலும் சோப்பும் கைவசம் இருந்தால் போதும்.

2. செலவு

கடை நாப்கின் ஒன்று ரூ.7 என்று வைத்து, மாதம் 15 எடுத்தால் ரூ.105. ஆண்டுக்கு ரூ.1,260.

நல்ல சிலிக்கான் கப் ரூ.300 முதல் ரூ.700 வரை விற்கிறது. ரூ.400க்கு வாங்கினால் நான்கு மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு மேல் உழைக்கும். துணி பேட் எட்டு வேண்டும். ஒன்று ரூ.180 என்றால் ரூ.1,440. இரண்டு மூன்று ஆண்டு வரும். பீரியட் பேன்டி ஒன்று ரூ.600 பக்கம், குறைந்தது நான்கு வேண்டும், ஆயுளோ இரண்டு ஆண்டுதான். ஆக, பணம் மிச்சமாகும் என்று நினைத்துப் பேன்டி வாங்காதீர்கள். வசதிக்காக வாங்குவதென்றால் வாங்கலாம்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரு கப், இரண்டு துணி பேட் போதும். கப்போடு சேர்த்து விற்கும் தனிக் கழுவும் திரவம், வாசனை துடைப்பான், மின்சார ஸ்டெரிலைசர் எதுவும் தேவையில்லை.

3. பில்லும் பெட்டியும்

தயாரித்த நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் எண் இவை பெட்டியில் கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும். கப் என்றால் 'மெடிக்கல் கிரேடு சிலிக்கான்' என்ற குறிப்பும், எத்தனை மி.லி. கொள்ளும், விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். வெறும் எஸ், எம், எல் என்று மட்டும் போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல் அளவுக்கு இருக்கும். மறுபயன்பாட்டுத் துணி பேடுக்கும் பேன்டிக்கும் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 17514. அது பெட்டியில் இருந்தால் கூடுதல் நம்பிக்கை.

உடலுக்குள் வைக்கும் பொருள் என்பதால் பெட்டியைப் பிரித்துவிட்டால் ஆன்லைனில் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அளவைப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள். பார்சல் வந்ததும் சீல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பில்லை ஒரு ஆண்டாவது பத்திரப்படுத்துங்கள். ஹாஸ்டல் முகவரிக்கு வந்த பார்சல் வாசலில் பிரித்துப் பார்க்கப்படும் என்றால் வீட்டு முகவரியே நல்லது. கடையில் வாங்க விரும்பினால் ஊரில் உள்ள பெரிய மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். முன்கூட்டிச் சொன்னால் வரவழைத்துத் தரும் கடைகளும் உண்டு.

அடுத்த பீரியட்ஸுக்கு இரண்டு வாரம் முன்பே பொருள் கைக்கு வந்துவிட வேண்டும். துணி பேடை இரண்டு மூன்று முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது சரியாக உறிஞ்சும். புதுத் துணியில் உள்ள கஞ்சி போகாமல் கட்டினால் மேலேயே வழியும்.

4. கப்பின் அளவு

பிரசவம் ஆகாதவருக்குச் சின்னது, ஆனவருக்குப் பெரியது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது பாதிதான் சரி. கருப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கப்பின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

பீரியட்ஸ் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, குந்தி உட்கார்ந்து ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விடுங்கள். மூக்கு நுனியைத் தொட்டதுபோல் கெட்டியாக ஒன்று படும். அதுதான் கருப்பை வாய். 4.5 செ.மீ.க்குள் பட்டால் தாழ்வு. குட்டையான, காம்பு சிறிய கப் எடுங்கள். 4.5 முதல் 5.5 செ.மீ. நடுத்தரம், எந்தச் சாதாரணக் கப்பும் பொருந்தும். முழு விரலும் போய்த்தான் படுகிறது என்றால் உயரம். அப்போது குட்டைக் கப் மேலே ஏறி, எடுக்கும்போது பயமுறுத்தும், நீளமானதே சரி. பீரியட்ஸ் இல்லாத நாளில் அளந்தால் இடம் மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கல்யாணம் ஆகாத பெண்கள் போடலாமா என்று அம்மாக்கள் தயங்குவார்கள். மருத்துவப்படி தடை இல்லை. கன்னித்திரை விரிந்துகொடுக்கும் சவ்வு. கப்பால் விரியலாம், சிலருக்குச் சற்றுக் கிழியவும் செய்யலாம். அதை வைத்து ஒரு பெண் உடலுறவு கொண்டாளா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பேசி, மனம் தெளிந்த பிறகு வாங்கினால் போதும். அவசரம் ஒன்றும் இல்லை.

5. கப்பைப் போடுவதும் எடுப்பதும்

வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில், ரத்தப்போக்கு நன்றாக உள்ளபோது முதல் முயற்சி செய்யுங்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டவே வேண்டாம்.

கப்பைத் தண்ணீரில் நனையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். எண்ணெய் கப்பில் தங்கி நாற்றம் பிடிக்கும், சிலிக்கானும் கெடும். வழுக்கல் தேவைப்பட்டால் தண்ணீர் சார்ந்த ஜெல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்.

விளிம்பை இரண்டாக மடித்தால் 'சி' மடிப்பு. விளிம்பின் ஒரு பக்கத்தை ஒரு விரலால் உள்ளே அமுக்கிப் பிடித்தால் நுனி கூர்மையாகும். முதல்முறை போடுகிறவர்களுக்கு இந்த அமுக்கு மடிப்பே சுலபம். இந்தியன் டாய்லெட்டில் குந்தியோ, ஒரு காலைப் பக்கெட் மேல் வைத்தோ, மூச்சை வெளியே விட்டபடி உள்ளே தள்ளுங்கள். நேராக மேலே தள்ளக்கூடாது. முதுகுத்தண்டின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்வாகத் தள்ள வேண்டும். வலிக்கிறது என்கிறவர்களில் பலர் மேல்நோக்கித் தள்ளியிருப்பார்கள்.

உள்ளே போனதும் கப் விரிய வேண்டும். அடிப்பகுதியைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றுங்கள். பிறகு விரலால் கப்பைச் சுற்றித் தடவுங்கள். எங்காவது பள்ளம் தட்டுப்பட்டால் அது இன்னும் விரியவில்லை. லேசாகக் கீழே இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கி வந்தால் மறுபடி போடுங்கள். காம்பு முழுதும் உள்ளே இருக்க வேண்டும். குத்தினால் வெளியே எடுத்துவிட்டுக் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். உள்ளே இருக்கும்போது வெட்டாதீர்கள், அடிவரைக்கும் வெட்டாதீர்கள்.

எடுக்கும்போது காம்பைப் பிடித்து அப்படியே இழுப்பதுதான் பெரிய தவறு. கப் காற்றுப்பிடிப்பில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிடிப்போடு இழுத்தால் வலிக்கும், கருப்பையைத் தாங்கும் இடுப்படித் தசைகளும் கீழே இழுபடும். குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்கும்போது முக்குவதுபோல முக்குங்கள். கப் கீழே வரும். காம்புக்கு மேலே உள்ள அடிப்பாகத்தை இரண்டு விரலால் அமுக்குங்கள். காற்றுப் போகும் சத்தம் கேட்கும் அல்லது பிடி தளர்வது தெரியும். அதன் பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தபடி, கவிழாமல் எடுங்கள்.

கை எட்டவில்லையா? கப் வயிற்றுக்குள் போய்விட வழியே இல்லை, கருப்பை வாய் அதற்கு விடாது. பயந்தால் தசை இறுகி இன்னும் மேலே பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் நடந்துவிட்டு மறுபடி குந்துங்கள். போட்டு 12 மணி நேரம் நெருங்கியும் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பெண் டாக்டரிடம் போங்கள். ஒரு நிமிட வேலை, கூச்சப்பட்டு நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். பெட்டியில் 12 மணி என்று இருக்கும், அது உச்ச வரம்பு. சிறுநீர் கழிக்க எடுக்க வேண்டியதில்லை. மலம் கழித்த பிறகு கப் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பொதுக் கழிவறையில் காலி செய்ய நேர்ந்தால் அரை லிட்டர் குடிதண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோய் அங்கேயே அலசிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒழுகினால் காரணங்கள் இந்த வரிசையில் பாருங்கள்: கப் விரியவில்லை, கருப்பை வாய்க்குக் கீழே இல்லாமல் பக்கவாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது, விளிம்புக்குக் கீழே உள்ள சிறு துளைகள் அடைத்திருக்கின்றன, நிரம்பிவிட்டது, கடைசியாகத்தான் அளவு தவறு. முதல் இரண்டு மூன்று மாதம் கூடவே ஒரு துணி பேட் வைத்துக்கொள்ளுங்கள். பழகும் காலம் அவ்வளவு ஆகும்.

6. கொதிக்கவைப்பது, உப்புத்தண்ணீர்த் தொல்லை

ஒவ்வொரு பீரியட்ஸ் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். இடையில் உள்ள நாட்களில் வாசனையில்லாத சோப்பும் சுத்தமான தண்ணீரும் போதும். இதற்கென்றே ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம் ஒதுக்குங்கள். கப் மூழ்கத் தண்ணீர் வேண்டும், அடியில் ஒட்டக்கூடாது. ஒரு கரண்டியின் குழிவில் வைத்தால் அடிபிடிக்காது. அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் தண்ணீர் சுண்டிக் கப் கருகிக் கெட்டுவிடும். அடுப்பருகிலேயே நில்லுங்கள்.

போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கப் வெள்ளைப் படலம் பிடிக்கும். அது அழுக்கல்ல, தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து. ஆனால் சொரசொரப்பாகி உள்ளே உறுத்தும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர் எடுத்துக் கொதிக்கவைத்தால் இந்தப் பிரச்சினையே வராது. நம் மாவட்டங்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால் கப் கழுவலாமா என்று சிலர் கேட்பார்கள். ஃப்ளோரைடு குடிக்கும் தண்ணீரில்தான் பிரச்சினை. கழுவுவதற்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம். குளத்துத் தண்ணீர், திறந்த தொட்டித் தண்ணீர் மட்டும் கூடாது.

துளைகள் அடைத்திருந்தால் கப்பில் தண்ணீர் நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி அமுக்குங்கள். துளை வழியே பீய்ச்சும்போது அடைப்புப் போய்விடும். டெட்டால், பினாயில், ஸ்பிரிட் எதிலும் ஊறவைக்காதீர்கள். கறை பிடித்தால் வெயிலில் வைத்தால் மங்கும். பருத்திப் பையில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் மூடினால் நாற்றம் வரும்.

ஹாஸ்டலில் அடுப்பு இல்லையென்றால்: தானாக அணையும் கெட்டிலில் ஐந்து நிமிடக் கொதி கிடைக்காது, பிறர் டீ போடும் கெட்டிலில் போடவும் கூடாது. ஊருக்குப் போகும்போது வீட்டில் கொதிக்கவைத்துக் காயவைத்துப் பையில் கொண்டுவந்துவிடுங்கள்.

7. துணி பேட்

எட்டு பேட் என்று மேலே சொன்னது வெயில் காலக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி இறங்கும்போதும் ஒரு பேட் காய இரண்டு நாள் ஆகும். அந்த மாதங்களுக்கு இன்னும் மூன்று நான்கு வேண்டும். பகலுக்கு 25 செ.மீ., இரவுக்கு 30 செ.மீ.க்கு மேல் நீளம் பாருங்கள்.

தையல்காரரிடமும் தைக்கலாம். மேலே பனியன் துணி இரண்டு அடுக்கு, நடுவில் டர்க்கி டவல் மூன்று அல்லது நான்கு அடுக்கு, அடியில் தடித்த பருத்தி, இறக்கையில் தட்டு பட்டன். கசியாத பி.யு.எல். படலம் இல்லாததால் மூன்று, நான்கு மணி நேரத்தில் மாற்ற வேண்டும். கடையில் வாங்குவது ஆறு மணி வரை தாங்கும். பழைய புடவைத் துணி கட்டுகிறவர்கள் பருத்தி மட்டும் எடுங்கள். நைலான், பாலியெஸ்டர் உறிஞ்சாது, தொடையை உரசிப் புண்ணாக்கும்.

துவைக்கும் முறைதான் முக்கியம். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெந்நீர் ஊற்றினால் ரத்தக்கறை துணியிலேயே உறைந்துவிடும். ராத்திரி முழுக்க ஊறினால் நாற்றம் வரும். உப்புத்தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காது, பிசுக்காகி அடுக்குகளுக்குள் தங்கும். நாலைந்து மாதத்தில் பேட் அட்டைபோல விறைத்து உறிஞ்சாமல் போவதற்கு இதுதான் காரணம். சலவைத் திரவம் சில சொட்டு மட்டும் போட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். கம்ஃபர்ட் போன்ற துணியை மென்மையாக்கும் திரவங்கள் சேர்த்தாலும் உறிஞ்சும் திறன் போய்விடும்.

மேல்பக்கம் வெயிலைப் பார்க்க விரித்துப் போடுங்கள். மழை நாளில் ஃபேனுக்குக் கீழே காயவைத்து, படலம் இல்லாத பேடாக இருந்தால் இஸ்திரி போடலாம். படலம் உள்ளதில் இஸ்திரி பட்டால் உருகும். தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், எடுத்து வைக்காதீர்கள்.

வெளியே மாற்றினால் பயன்படுத்தியதை உள்பக்கமாக மடித்துப் பட்டன் போட்டு, ஜிப் பையில் வையுங்கள். அன்று இரவே துவைத்துவிடுங்கள்.

8. பீரியட் பேன்டி

துவைப்பதும் காயவைப்பதும் துணி பேடுக்குச் சொன்னதேதான், ஆனால் காய இன்னும் நேரமாகும். போக்கு அதிகமுள்ள நாளில் இதை மட்டும் நம்ப வேண்டாம். இடுப்பளவு சரியாக இருக்க வேண்டும், தளர்ந்தால் தொடையோரம் கசியும்.

9. கப் கூடாத நேரமும் டாக்டரிடம் போக வேண்டிய நேரமும்

பிரசவம், கருச்சிதைவு, கருக்கலைப்பு ஆனபின் ஆறு வாரம், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, கப் வேண்டாம். அரிப்போடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம். காப்பர் டி போட்டவர்கள் கப் எடுக்கும்போது அதன் நூல் சிக்கிக் காப்பர் டி வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. போட்ட மருத்துவமனையில் கொடுத்த அட்டையோடு போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கருப்பை இறக்கம் உள்ளவர்களும் கேட்காமல் போடக்கூடாது.

கப் உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், வெயிலில் பட்டதுபோல் தோல் சிவத்தல் வந்தால் உடனே கப்பை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐ அழைக்கலாம். நச்சு அதிர்ச்சி என்னும் இந்த நோய் மிக அரிது, ஆனால் காத்திருக்க நேரம் தராது. கப் போட்டிருந்ததைத் தவறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 எண்ணில் பேசலாம், அல்லது உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

கப்பில் மி.லி. கோடு இருந்தால் ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் தேதி, நேரம், அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பீரியட்ஸில் மொத்தம் 80 மி.லி.யைத் தாண்டினால் அது அதிகப் போக்கு. மூச்சு வாங்குவதையும் களைப்பையும் வேலைக் களைப்பு என்று பெண்கள் தள்ளிவிடுகிறார்கள், அடியில் ரத்தசோகை இருக்கலாம். அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். "ரொம்பப் போகுது டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அந்த எண்கள் வேகமாக வேலை செய்யும்.

10. எப்போது தூக்கிப்போடுவது

கப் பிசுபிசுத்தால், மாவுபோல் உதிர்ந்தால், கீறல் விழுந்தால், கொதிக்கவைத்தும் நாற்றம் போகாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. இன்னொருவருக்குக் கழுவிக் கொடுக்காதீர்கள், அக்கா தங்கையாக இருந்தாலும் சரி. துணி பேடின் படலம் உரிந்து அடியில் ஈரம் தெரிந்தால் மாற்றுங்கள். பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்து, தட்டு பட்டனையும் படலத்தையும் வெட்டியெடுத்துவிட்டுத் தோட்டத்து மண்ணில் புதைக்கலாம். சிலிக்கான் மண்ணில் மக்காது. கழுவிக் காகிதத்தில் சுற்றி, தூய்மைப் பணியாளர்களிடம் உலர் குப்பையோடு தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.